ரத்தத்தில் இல்லை, உடலில் இருக்கிறது

பண்ணுருட்டிப் பக்கத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) பயிரிடுகிறவர் அவர். (ஆள் யாரென்று தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நான்கு மாதம் காணாமல் போய், ஒரு திங்கட்கிழமை மனைவியுடன் வந்தார். ரத்தத்தில் எச்.ஐ.வி. வைரஸ் எவ்வளவு என்று சொல்லும், மடித்து மடித்து நைந்துபோன பழைய வைரல் லோடு சீட்டை மேசையில் விரித்து, "கண்டறியப்படவில்லை என்றுதானே சார் இருக்கிறது? அப்புறம் எதற்கு மாத்திரை?" என்றார். ஏதோ ஒரு பரிசோதனைக் கூடத்தில் "கிருமி போய்விட்டது" என்று வாழ்த்தியே அனுப்பியிருக்கிறார்கள். அன்று எடுத்த ரத்தத்தில் வைரஸ் ஆயிரக்கணக்கில் இருந்தது.

கடலூரில் எச்.ஐ.வி. நோயாளிகளைப் பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி பழகிய கேள்வி. கேட்பவர் மேல் தவறில்லை. சீட்டில் இருக்கும் அந்தச் சொல் ரத்தத்தைப் பற்றியது. அதை அவர்கள் உடம்பைப் பற்றியதாக எடுத்துக்கொள்கிறார்கள். யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 10,000 எச்.ஐ.வி. கிருமிகளை வரிசையாக நிறுத்தலாம். அதன் மேல் ஆங்காங்கே துருத்திக்கொண்டிருக்கும் ஜிபி120 என்ற புரதம்தான் அதன் கை. நம் வெள்ளை அணுக்களில் சிலவற்றின் மேல் இருக்கும் சிடி4 என்ற புரதத்தை அது முதலில் பற்றுகிறது. அது மட்டும் போதாது. பற்றிய கை சற்றே உருமாறி, சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 என்ற இன்னொரு பிடியைத் தேடுகிறது. அதுவும் கிடைத்த பிறகே ஜிபி41 என்ற புரதம் செல்லின் சவ்வில் குத்தி இறங்கி, இரண்டு சவ்வுகளையும் ஒன்றாக்குகிறது. பிறவியிலேயே சிசிஆர்5 இல்லாதவர்கள் சிலர் உண்டு. பெர்லினில் ரத்தப் புற்றுநோய்க்காக 2007-இல் அப்படிப்பட்ட ஒருவரின் ஸ்டெம் செல்களைப் பெற்ற திமோத்தி ரே பிரவுனுக்கு எச்.ஐ.வி.யும் நீங்கியது. உயிரைப் பணயம் வைக்கும் அந்தச் சிகிச்சையை எல்லோருக்கும் செய்ய முடியாது.

உள்ளே போனதும் வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக எழுதி, நம் செல்லின் மரபணு நூலுக்குள் செருகிவிடுகிறது. நம்முடைய 300 கோடி எழுத்துகளுக்கு நடுவே அதன் எழுத்துகள் சுமார் 9,700. செல் இரண்டாகும்போது அவையும் கூடவே படியெடுக்கப்படும். இப்போது கொடுக்கும் ஒற்றை மாத்திரையில் உள்ள டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் அந்த எழுத்து வேலையைத் தடுக்கின்றன; டோலுடெக்ராவிர் செருகலைத் தடுக்கிறது. ஏற்கெனவே செருகப்பட்டதை உருவி எடுக்க இந்த மூன்றுக்கும் வழி தெரியாது.

தொற்றிய செல்களில் பெரும்பாலானவை சில நாட்களில் மடிந்துபோகும். சில மட்டும் மடியாமல், பழைய தொற்றுகளை நினைவில் வைத்திருக்கும் எதிர்ப்புச் செல்களாகி நிணநீர் முடிச்சுகளிலும் குடல் சுவரிலும் உறங்கப் போய்விடும். வைரஸ் எதையும் உற்பத்தி செய்யாததால் மருந்துக்கும் தெரியாது, நம் எதிர்ப்புச் சக்திக்கும் தெரியாது. ஓய்விலிருக்கும் பத்து லட்சம் சிடி4 செல்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் மீண்டும் கிளம்பக்கூடிய வைரஸ் ஒளிந்திருக்கும். அந்தத் தொகை பாதியாகக் குறையவே ஏறத்தாழ 44 மாதம் ஆகிறது. முற்றிலும் தீர எழுபது ஆண்டுக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் படம் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பேனாவை நிறுத்தச் சொல்வதுபோலக் கையைக் காட்டி, "கோரை என்று சொல்லுங்கள் சார். மேலே சுரண்டிவிட்டால் கொல்லை சுத்தமாகத்தான் தெரியும். கிழங்கு கீழே கிடக்கும். ஒரு மழை போதும்" என்றார். என் படத்தை மடித்து வைத்துவிட்டேன். மாத்திரையை நிறுத்தினால் அந்த மழைக்குப் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரம்.

மனைவிக்கு வேறு கவலை. உரக்கடைக்குப் போனவர் எதற்கு வந்தோம் என்று நிற்கிறாராம். கூலிக் கணக்கு தப்புகிறதாம். "இது தலைக்கும் ஏறுமா?" என்று கேட்டார். ஏறும். தொற்றிய முதல் சில வாரங்களிலேயே, ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை வெள்ளை அணுக்களின் உள்ளிருந்தபடியே வைரஸ் கடந்துவிடுகிறது. அங்கே மைக்ரோக்ளியா என்ற காவல் செல்களில் குடியேறுகிறது. அவை ஆண்டுக்கணக்கில் வாழ்பவை. நரம்புச் செல்லுக்குள் அது பொதுவாக நுழைவதில்லை. பக்கத்தில் மூட்டிவைக்கும் அழற்சிதான் நரம்பை வாட்டுகிறது. மருந்துகளும் எல்லாமே அந்தத் தடுப்பை ஒரே அளவில் தாண்டுவதில்லை. கூட்டு மருந்து வந்த பிறகு கடுமையான மறதி நோய் அரிதாகிவிட்டது. நிதானம் குறைவது, கவனம் சிதறுவது போன்ற லேசான தொல்லைகள் சிலரிடம் இன்னும் உண்டு.

ஆனால் எல்லா மறதியையும் எச்.ஐ.வி. தலையில் கட்டிவிடக் கூடாது. தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, மது, மன அழுத்தம், மூளைக் காசநோய், சிபிலிஸ் என்று வரிசையாக விலக்கிக்கொண்டு வர வேண்டும். அவருக்கு பி12 மிகக் குறைவாக இருந்தது.

பையிலிருந்து பழைய வெள்ளைப் புட்டியை எடுத்துக் காட்டினார். குலுக்கினால் சத்தம் வரவில்லை. உள்ளே பஞ்சு அடைத்திருந்தார். மாத்திரை குலுங்கும் சத்தம் திண்ணையில் இருக்கும் அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாதாம். இந்தப் பஞ்சை நான் வேறு பல புட்டிகளிலும் பார்த்திருக்கிறேன்.

தவறாமல் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத நிலையிலேயே இருக்கும்வரை உடலுறவின் வழியாக மனைவிக்குத் தொற்றாது என்பதையும் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். மனைவி அதை இரண்டு முறை சொல்லச் சொன்னார்.

அன்றே மாத்திரையைத் திரும்பத் தொடங்கினோம். மூன்று மாதத்தில் மறுபரிசோதனைக்கு வரச் சொன்னபோது, "மல்லாட்டை பிடுங்கும் நேரம் சார், நாள் முன்னே பின்னே ஆகும்" என்றார். அதற்கும் சேர்த்துப் பத்து நாள் மாத்திரை கூடுதலாகப் போட்டுக் கொடுத்தோம்.