ஸ்பீலியோதெம்: குகைக் கசிபடிவு

பழங்கால மழை, பஞ்சம் பற்றிய ஆய்வுச் செய்திகளில் ‘ஸ்பீலியோதெம்’ என்ற சொல் அடிக்கடி தலைகாட்டும். தமிழில் எழுதுகிறவர்கள் ஒன்று அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள், இல்லாவிட்டால் ‘குகைப் பாறை’ என்று எழுதிவிடுகிறார்கள். பாறை என்பது குகையின் சுவர். ஸ்பீலியோதெம் என்பது குகை உண்டான பிறகு, அதற்குள் கசிந்த நீரிலிருந்து படிந்த கனிமம். இரண்டுக்கும் வயதில் பல கோடி ஆண்டுகள்கூட வித்தியாசம் இருக்கலாம்.

சொல்லை 1952இல் உருவாக்கியவர் அமெரிக்க நிலவியலாளர் ஜார்ஜ் மூர். கிரேக்கத்தில் ஸ்பெலாயோன் என்றால் குகை, தேமா என்றால் வைக்கப்பட்டது, படிந்தது. கூரையிலிருந்து தொங்கும் கல்விழுது, தரையிலிருந்து எழும் கல்முளை, சுவரில் வழிந்து படலமாகப் படிவது என எல்லாவற்றுக்கும் சேர்த்து இது ஒரே பொதுப்பெயர்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘குகைப்படிவு’ என்பது உடனே வாயில் வரும், ஆனால் தொல்லியலில் குகைத் தரையில் சேர்ந்த மண்ணையும் எலும்பையும் அந்தச் சொல் குறிக்கக்கூடும், குழப்பம்தான். ‘துளிப்படிவு’ அழகாக இருக்கிறது, ஆனால் சுவரில் வழிந்து படிந்தது அதற்குள் அடங்காது. சொட்டினாலும் வழிந்தாலும் கசிவு கசிவுதானே! அதனால் என் தேர்வு ‘குகைக் கசிபடிவு’. குகைக்கு முழை, அளை என்ற பழைய சொற்கள் நம்மிடம் உண்டு. திருப்பாவையில் ‘மாரி மலை முழைஞ்சில்’ என்று மழைக்காலமும் குகையும் சேர்ந்தே வருகின்றன. ஆசைப்படுகிறவர்கள் ‘முழைப்படிவு’ என்றும் எழுதலாம், ஆனால் பள்ளிப் பிள்ளைக்கும் புரிய வேண்டும் என்றால் குகையே சரி.

சரி, இதில் மழை எப்படிப் பதிகிறது? மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகி, சுண்ணாம்புப் பாறையைக் கரைத்தபடியே கீழே போகிறது. குகைக்குள் வந்ததும் அந்த வாயு காற்றில் பிரிந்துவிட, கரைந்திருந்த சுண்ணாம்பு கால்சைட் என்ற கனிமமாகப் படிகிறது, உப்புத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதுபோல. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளர்ந்தாலே நல்ல வளர்ச்சி.

ஆய்வாளர்கள் பெரும்பாலும் தேடுவது கல்முளையை, ஏனென்றால் அதில் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக ஏறியிருக்கும். அதை நெடுக்காக அறுத்து, மெருகேற்றி, நுண்ணிய துளைப்பானால் அடுக்கு அடுக்காகப் பொடி எடுக்கிறார்கள். வெப்பமண்டலத்தில் மழை வலுத்துப் பெய்தால் நீரில் ஆக்சிஜன்-18 என்ற கனமான ஐசோடோப்பின், அதாவது ஆக்சிஜனிலேயே எடை கூடிய வகையின், பங்கு குறையும், மழை பொய்த்தால் கூடும். அந்த ஏற்ற இறக்கம் அப்படியே கல்லில் ஏறிவிடுகிறது. வயதுக்கு யுரேனியம்: அது நீரில் கரையும், தோரியம் கரையாது, ஆகவே புதிதாகப் படிந்த அடுக்கில் தோரியம் கிட்டத்தட்ட இருக்காது. பிறகு யுரேனியம் சிதைந்து உண்டாகும் தோரியத்தை அளந்தால் வயது வந்துவிடும், சுமார் 6 லட்சம் ஆண்டுகள் வரை. சேறு கலந்த அடுக்கு மட்டும் தொல்லை, அது வெளியிலிருந்தே தோரியத்தைக் கொண்டுவந்துவிடும்.

சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியிலுள்ள தண்டக் குகைக் கல்முளையில் கி.பி. 600 முதல் 1500 வரையிலான பருவமழை இப்படிப் படிக்கப்பட்டது. 14ஆம் நூற்றாண்டிலும் 15இன் நடுவிலும் மழை தொடர்ந்து பல ஆண்டுகள் பொய்த்ததை அது காட்டுகிறது. 1396இல் தொடங்கித் தக்காணத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் வாட்டியதாகச் சொல்லப்படும் துர்காதேவி பஞ்சம் அந்தக் காலத்தில்தான் வருகிறது. எத்தனை ஊர்கள் காலியாகியிருக்கும் என்று நினைத்தாலே மனம் கனக்கிறது. அப்புறம் மேகாலயாவின் மாம்லு குகை: அதன் கல்முளை ஒன்றில் தெரிந்த, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய வறட்சியை வைத்தே, நாம் வாழும் நிலவியல் காலத்துக்கு ‘மேகாலயன்’ என்று 2018இல் பெயரிட்டார்கள்.

கல்முளையின் வளர்ச்சி நடுவில் நின்றுபோயிருந்தால் அங்கே ஓர் இடைவெளி தெரியும். அதை உடனே பஞ்சம் என்று படித்துவிடக் கூடாது, நீர் கசியும் வழியே மாறிப்போயிருக்கலாம். தண்டக் குகைப் பதிவைப் பக்கத்திலுள்ள ஜுமர் குகைப் பதிவோடும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.