இடித்துவிட்டு அனுமதி கேட்காதீர்கள்: மாமல்லபுரத்தின் 100 மீட்டர் விதி

மாமல்லபுரத்தில் கல் கொத்தும் ஒருவர், ஓட்டுக்கூரை ஒழுகுகிறதே என்று மழைக்கு முன்னால் வீட்டைப் பிரித்துப் போட்டார். இரண்டு சுவர் எழும்புவதற்குள் வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ். அப்புறம்தான் இதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்பதே தெரிந்தது. பழுதுபார்க்க மனு போட்டார். "பழுதுபார்க்க வீடு எங்கே இருக்கு?" என்று கேட்டார்கள். சட்டப்படி அந்தக் கேள்வியில் தப்பில்லை. கோயில் கோயிலாகத் தூண் செதுக்கிக் கொடுத்தவர், இரண்டு மழைக்காலம் தார்ப்பாய்க்குக் கீழே குடும்பத்தோடு இருந்தார்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி முதல் 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. இந்த இரண்டு வட்டங்களும் 16.6.1992 அன்று அறிவிக்கையாக வந்தன. 2010இல், பழங்காலச் சின்னங்களைப் பாதுகாக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். முதல் வட்டத்தில் புது வீடு கிடையாது, ஏற்கெனவே உள்ள வீட்டைப் பழுதுபார்க்கலாம், புதுப்பிக்கலாம், அதுவும் அனுமதியோடு. இரண்டாம் வட்டத்தில் அனுமதி வாங்கிப் புதிதாகவே கட்டலாம். மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

முதலில் தூரம். எல்லோரும் கோபுரத்திலிருந்தோ ரதத்திலிருந்தோ எட்டு வைத்து அளக்கிறார்கள். கணக்கு தொடங்குவது அங்கிருந்து அல்ல. பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லை எங்கே முடிகிறதோ அங்கிருந்து, நேர்கோட்டில். தெரு வளைந்து வளைந்து 150 மீட்டர் வருகிறது என்று சொல்லிப் பயனில்லை. மாமல்லபுரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, மலை மேல் உள்ள மண்டபங்கள் என்று சின்னங்கள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. வட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்று விழும். ஒன்றிலிருந்து தப்பித்த வீடு இன்னொன்றில் மாட்டும். உங்கள் சர்வே எண்ணைச் சொல்லி, எந்தச் சின்னத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுத்தில் கேளுங்கள். "உங்க தெரு வராதுங்க" என்று கவுண்டரில் சொன்னதை நம்பி அஸ்திவாரம் தோண்டியவர்கள் நிறையப் பேர். சொன்னவர் மாறுதலாகிப் போயிருப்பார்.

அடுத்தது 1992. முதல் வட்டத்தில் பழுதுபார்க்க வேண்டுமானால், அந்த வீடு 16.6.1992க்கு முன்பே இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் முறையான அனுமதியோடு கட்டியதாக இருக்க வேண்டும். இங்கேதான் பட்டாவை நீட்டிவிட்டு ஏமாந்து போகிறார்கள். பட்டா நிலத்துக்குச் சாட்சி. அதன் மேல் வீடு இருந்ததற்கு அது சாட்சி இல்லை. பழைய வீட்டு வரி ரசீது, பழைய மின் கட்டண அட்டை, கட்டடத்தைக் குறிப்பிடும் பத்திரம் என்று வீடு நின்றதைக் காட்டும் காகிதம் வேண்டும். பரண் மேல் தகரப்பெட்டி இருந்தால் இன்றைக்கே இறக்குங்கள். கையில் பட்டாவும் இல்லாமல் புறம்போக்கில் இருக்கும் குடும்பங்களின் கதி இன்னும் மோசம். கட்டடத்தின் உரிமையாளர்தான் மனு போட முடியும் என்று சட்டம் சொல்கிறது. அவர்கள் முதலில் பட்டாவுக்கு அலைய வேண்டும்.

மனுவில் எழுதும் வார்த்தையிலும் கவனம் வேண்டும். இருப்பதில் மாற்றம் செய்வது பழுதுபார்த்தல், புதுப்பித்தல். இடித்துவிட்டு அதே நீள அகல உயரத்தில் எழுப்புவது மறுகட்டுமானம். கூடுதல் அறையோ மாடியோ வந்தால் அது புதுக் கட்டுமானம். முதல் வட்டத்தில் இருந்துகொண்டு "வீட்டை எடுத்துக் கட்ட அனுமதி வேண்டும்" என்று பேச்சுவழக்கில் எழுதினால், அந்த ஒரு வரியிலேயே மனு செத்துவிடும். கூரை மாற்றுவது, சுவர் பூசுவது, தளம் போடுவது என்று செய்யப்போகும் வேலையை அப்படியே எழுதுங்கள். கழிப்பறை விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். பொதுக் கழிப்பறை கட்டுவது 'கட்டுமானம்' ஆகாது என்று சட்டம் விலக்குக் கொடுக்கிறது. வயசான அம்மாவுக்காகக் கொல்லையில் கட்டும் கழிப்பறைக்கு அந்த விலக்கு இல்லை.

எந்த அலுவலகம் என்பதிலேயே பாதி அலைச்சல். உள்ளாட்சியில் பிளான் அப்ரூவல் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது வேறு, தொல்லியல் தடையில்லாச் சான்று வேறு. அரசு வீட்டுத் திட்டத்தில் பணி ஆணை வந்திருந்தாலும் இதே கதைதான். மனுவைத் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் இணையதளம் வழியாகப் போடலாம். வரைபடம், உரிமை ஆவணம், இப்போதுள்ள வீட்டின் புகைப்படங்கள், சின்னத்திலிருந்து தூரம் காட்டும் கூகுள் எர்த் படம் எல்லாம் கேட்பார்கள். புகைப்படத்தை நாலு பக்கமும், உள்ளேயும், தேதியோடு, ஓர் ஓட்டைக்கூட அசைப்பதற்கு முன்னால் எடுத்துவையுங்கள். மேலே சொன்ன கல் தச்சரிடம் ஒரு படம்கூட இல்லை.

கெடு சட்டத்திலேயே இருக்கிறது. மனுவை வாங்கி முடிவு சொல்லும் 'தகுதிவாய்ந்த அலுவலர்' அதை 15 நாளில் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் 2 மாதத்தில் பரிந்துரை தர வேண்டும். அது கிடைத்த 1 மாதத்தில் உங்களுக்குப் பதில் வர வேண்டும். நடைமுறையில், "ஒரு பேப்பர் குறையுது" என்று கோப்பைத் திருப்பினால் நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். குறை என்னவென்று ஒரே தடவையில், எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாக "கிடைக்காது" என்றால் அது மறுப்பு ஆகாது. மனு எண்ணைப் போட்டு, கோப்பு எந்த மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். விதிமீறலுக்குத் துணைபோகும் அதிகாரிக்கு 3 ஆண்டு வரை சிறை என்றும் அந்த 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அதை எந்த அறிவிப்புப் பலகையிலும் நான் பார்த்ததில்லை.

சரி, அனுமதி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதில் உள்ள உயரத்தை மேஸ்திரி மொட்டைமாடித் தளம் வரைக்கும் என்றுதான் புரிந்துகொள்வார். கைப்பிடிச் சுவர், படிக்கட்டு ஹெட்ரூம், தண்ணீர் டேங்க் எல்லாம் சேர்த்துத்தான் அந்த உயரம். தளம் போட்டு முடித்து, மேலே ஒரு கருப்பு டேங்கை ஏற்றியதும் நோட்டீஸ் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். மேஸ்திரியிடம் உத்தரவின் நகல் ஒன்றைக் கொடுத்து, உயரம் எழுதிய வரியைப் பேனாவால் அடிக்கோடிட்டுக் காட்டிவிடுங்கள்.