வெள்ளையான மோதிரத்தை அடுப்பில் காட்டாதீர்கள்

நேற்று பட்டறைக்கு வந்தவர் மோதிரத்தை என் மேசைமேல் போட்டுவிட்டு, "இது தங்கமே இல்லைதானே?" என்றார். பாதி மஞ்சள், பாதி வெள்ளி நிறம். வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்ததா என்று கேட்டேன். உடைந்திருந்தது. சிதறிய பாதரசத்தை வெறுங்கையால் அள்ளியிருக்கிறார். இப்படி இன்னும் எத்தனை மோதிரம்தான் பார்ப்பது!

சரி, முதல் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். வெள்ளையாகிவிட்டதால் அது போலி ஆகிவிடாது. தங்கம் துருப்பிடிக்காது, நைட்ரிக் அமிலத்தில் தனியாகப் போட்டால் கரையாது. இதைப் படித்தவர்கள் 'தங்கத்தை எதுவும் ஒன்றும் செய்யாது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பாதரசம் செய்யும். பட்ட இடத்திலேயே தங்கத்தோடு கலந்து ரசக்கலவை ஆகிவிடும். மண்ணிலிருந்து பொன்துகளைப் பிரிக்கப் பாதரசத்தைப் பயன்படுத்தியதே இந்தக் குணத்தால்தான். இரும்பில் அது ஒட்டாது; பாதரசத்தை இரும்புக் குடுவையில் அடைத்து அனுப்பியதும் அதனால்தான். ஒட்டியதால் போலி என்பது தலைகீழ்க் கணக்கு. அதற்காகப் பாதரசம் ஊற்றிச் சோதிக்கக் கிளம்பிவிடாதீர்கள், வெள்ளியிலும் அது ஒட்டும்.

எனக்குக் கோபம் வந்தது அவர் அடுத்துச் சொன்னதில்தான். "அடுப்பில் கொஞ்சம் காட்டினேன், லேசாக மஞ்சள் திரும்பியது." மஞ்சள் திரும்பியதென்றால் பாதரசம் எங்கே போனது? அடுக்களைக் காற்றுக்குத்தான். தங்கம் உருக 1064 டிகிரி செல்சியஸ் வேண்டும், பாதரசம் 357 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்த ஆவிக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. (அந்தக் காலத்தில் பொன்முலாம் பூசியது இதே முறையில்தான். பூசியவர்களுக்குக் கை நடுக்கம் வந்ததும் இதனால்தான்.) இப்படிச் சூடாக்கிய பிறகு இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் டாக்டரிடம் போங்கள், என்னிடம் வராதீர்கள்.

தெர்மாமீட்டர் உடைந்தால் முதலில் நகைகளைக் கழற்றுங்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். துடைப்பம் வேண்டாம், வேக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம். கெட்டி அட்டையால் உருட்டிச் சேர்த்து, இறுக மூடும் புட்டியில் போடுங்கள். சாக்கடையில் கொட்டாதீர்கள்.

நகையில் ஏற்கெனவே பட்டுவிட்டதா? தேய்க்காமல், சூடு காட்டாமல், மூடி உள்ள டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள். தள்ளிப்போட்டால் பாதரசம் உள்ளே இறங்கி நகை நொறுங்கும். அப்புறம், கையில் தரும்போது 'பாதரசம் பட்டது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், தயவுசெய்து. சொல்லாவிட்டால் நாங்கள் ஊதுகுழலை வைப்போம், ஆவி எங்கள் நெஞ்சுக்குள் போகும்.