ஆத்தங்குடிக் கல்லைத் திரையில் ஏற்றினால்

செட்டிநாட்டு வீடுகளில் பட்டாலை என்னும் கூடத்திலும் வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்திலும் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கற்களில், அதாவது காரைக்குடிக்கு அருகே ஆத்தங்குடியில் கையால் வார்க்கும் சிமெண்ட் தரைக்கற்களில் பல, தனியாக எடுத்துப் பார்த்தால் முழு வடிவமாகவே இருக்காது. மூலையில் கால்வாசிப் பூ இருக்கும், ஓரத்தில் பாதி வட்டம் இருக்கும். நான்கு கற்கள் கூடினால்தான் பூ முழுசாகும். அப்படிக் கூடியபின் ஒரு கல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது. அறுபடாமல் ஓடும் கோட்டை ஒரே பொருளாகப் படிப்பது நம் மூளையின் பழக்கம். தரையின் அழகு முழுக்க அந்தப் பழக்கத்தின்மேல் நிற்கிறது.

ஒரே மாதிரிக் கற்களைச் சேர்த்து உடைக்கும் கணினி விளையாட்டுக்குத் தேவை இதற்கு நேர் எதிரானது. அங்கே ஒவ்வொரு கல்லும் தனித்து நிற்க வேண்டும், பார்த்த நொடியில் இன்னது என்று தெரிய வேண்டும். காரைக்குடியில் யாராவது அப்படியொரு விளையாட்டின் பழைய தோற்றத்தைத் தூக்கிவிட்டு, ஆத்தங்குடி வடிவங்களைப் படம் பிடித்து அப்படியே போட்டால் திரை அழகாக இருக்கும், ஆனால் ஆட முடியாது.

முதல் காரணம் அளவு. 8 அங்குலக் கல்லை ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்று பார்த்தால் அது நம் பார்வையில் 8 பாகைக்குக் கொஞ்சம் குறைவாக இடம் பிடிக்கும். கைபேசியில் வரிசைக்கு எட்டுக் கல் வைத்தால் ஒரு கல் ஏறத்தாழ 8 மி.மீ. அதை 30 செ.மீ. தூரத்தில் பிடித்துப் பார்த்தால் ஒன்றரைப் பாகைதான். ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

சுருங்கும்போது முதலில் போவது நுணுக்கம். ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்தவர்களுக்கு அந்த நுணுக்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். கண்ணாடித் துண்டின்மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறை ஒவ்வொன்றிலும் ஒரு வண்ணம் கலந்த சிமெண்ட் கூழை ஊற்றுகிறார்கள். மெல்லிய தகடு நடுவே நிற்பதால் சிவப்பு மஞ்சளோடு கலப்பதில்லை. அச்சை நிதானமாகத் தூக்கியதும் நிறங்கள் பக்கம் பக்கமாக ஒட்டி நிற்கும். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அப்புறம் சாந்து போட்டு மட்டப்படுத்துகிறார்கள். காய்ந்து கண்ணாடியிலிருந்து பிரியும்போது வருகிற பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. இந்த முறையில் 3 மி.மீ. அகலக் கொடியைக்கூட அழகாக வார்த்துவிடலாம். அதே கொடி 8 மி.மீ. கல்லில் 0.12 மி.மீ. ஆகிவிடும், அதாவது திரையில் சுமார் இரண்டு புள்ளி (பிக்சல்). நல்ல கண் பிரித்தறியும் எல்லை கிட்டத்தட்ட அதுதான்.

அந்த எல்லையும் வெளிச்ச வேறுபாட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். நிற வேறுபாட்டைக் கண் இதைவிட மிகவும் மங்கலாகத்தான் பார்க்கிறது. நாம் தினமும் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை நிறத் தகவலை நான்கு புள்ளிக்கு ஒன்று என்று குறைத்துத்தான் சேமிக்கின்றன, யாரும் கண்டுபிடிப்பதில்லை. அதோடு விழித்திரையின் நட்டநடுவில் நீலத்தை உணரும் கூம்பு செல்களே கிடையாது. சின்ன நீலப் பொட்டும் சின்னக் கறுப்புப் பொட்டும் அங்கே ஒன்றுபோல ஆகிவிடும்.

அதனால் நான் முதலில் கை வைப்பது நிறத்தில் இல்லை, வெளிச்சத்தில்தான். திரையின் வெள்ளைப் புள்ளி தரும் வெளிச்சத்தை 100 என்று வைத்தால் அதில் பச்சையின் பங்கு சுமார் 72, சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7. ஆத்தங்குடிச் செங்காவியும் அடர்பச்சையும் தரையில் எவ்வளவோ வேறாகத் தெரிகின்றன. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் இரண்டும் ஒரே சாம்பல் நிறத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். சிவப்பு, பச்சை பிரித்தறியாதவர்களுக்கு இந்த இரண்டு நிறமும் அநேகமாக அப்படி நெருங்கித்தான் தெரியும். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு இந்தக் குறை உண்டு. காரணமான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெண்களிடம் மிகக் குறைவு. செங்காவியை இன்னும் இருட்டாக்கி, பச்சையை வெளிர வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். செட்டிநாட்டுச் சாயலும் கெடாது.

மீதிப் பாதிக்குக் கல்லுக்குக் கல் வேறுபடும் வெளிவடிவம் வேண்டும். 1980இல் உளவியலாளர்கள் ஆன் ட்ரீஸ்மன், கேரி ஜெலேட் இருவரும் கவனம் பற்றி ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள். ஒரே ஓர் அம்சத்தால் வேறுபடும் பொருள், சுற்றிலும் எத்தனை இருந்தாலும், உடனே கண்ணில் படும். வெள்ளை வேட்டிக் கூட்டத்தில் சிவப்புச் சேலை தெரிவதுபோல. இரண்டு அம்சங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் அடையாளம் தெரியும் என்றால், மூளை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். பொருள் கூடக்கூட நேரமும் கூடும். 'சிவப்புப் பின்னணியில் மஞ்சள் பூ', 'மஞ்சள் பின்னணியில் சிவப்புப் பூ' என்று இரண்டு கற்களை ஒரே பலகையில் வைப்பது இந்த வலையில் நேராகப் போய் விழுவது. தரைக்கு அது அருமையான ஜோடி. ஆட்டத்தில் அவற்றுள் ஒன்றை விட்டுவிட வேண்டியதுதான்.

நெரிசல் இன்னொரு தொல்லை. 1970இல் பார்வை ஆய்வாளர் ஹெர்மன் பௌமா சொன்ன கணக்குப்படி, பார்வை நிலைத்த இடத்திலிருந்து ஒரு வடிவம் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அதில் சுமார் பாதித் தூரமாவது பக்கத்து வடிவத்தை விட்டு விலகியிருந்தால்தான் அது தெளிவாகப் புரியும். கற்கள் ஒன்றரைப் பாகைக்கு ஒன்றாக நிற்கும் பலகையில், இரண்டு கல் தாண்டிப் போனாலே உள்வேலைப்பாடு கலங்கத் தொடங்கிவிடும். எட்டுக் கொடியும் நான்கு மொட்டும் உள்ள கல் தனக்குள்ளேயே நெரிசலைக் கொண்டுவருகிறது. ஆகவே கல்லுக்கு ஒரே உருவம், அதுவும் பெரிதாக: ஒன்றில் நாலிதழ்ப் பூ, ஒன்றில் சாய்சதுரம், ஒன்றில் எட்டுமுனை நட்சத்திரம், ஒன்றில் வளையம். சுற்றிலும் சந்தன நிறத்தில் கொஞ்சம் வெற்றிடம் விட வேண்டும், அதுதான் கற்கள் ஒன்றோடொன்று ஓடிச் சேராமல் தடுக்கும். இதே வகை விளையாட்டுகளான, 2001இல் வந்த பிஜுவெல்டிலும் 2012இல் வந்த கேண்டி க்ரஷ்ஷிலும் நிறத்துக்கு ஒரு வடிவம் என்று தனித்தனியாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

கால்பூ வடிவங்களைத் தூக்கிப் போட எனக்கும் மனம் வரவில்லை. அவற்றைப் பின்னணிக்கு அனுப்பலாம். அங்கே அவை எவ்வளவு வேண்டுமானாலும் சேர்ந்து ஓடட்டும், வெளிச்ச வேறுபாடு மட்டும் மிகக் குறைவாக இருக்க வேண்டும். அசையவும் கூடாது. ஓரக்கண் நுணுக்கத்தைத் தவறவிட்டாலும் அசைவைத் தவறவிடாது. அதை ஆட்டக்காரருக்குக் குறிப்புக் கொடுக்கும் நேரத்துக்கென்று சேமித்து வைக்க வேண்டும்.

இதையெல்லாம் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆட்டத் திரையைப் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்புறம் மதிய வெயிலில் வளவுக்குக் கைபேசியைக் கொண்டுபோங்கள். திரையில் பட்டுத் திரும்பும் வெயில் எல்லா நிறத்தின்மேலும் ஒரே அளவு வெளிச்சத்தைக் கூட்டுவதால், முதலில் அடிபடுவது இருட்டான கற்கள்தான். கறுப்பும் அடர்நீலமும் அங்கே ஒன்றாகத் தெரிந்தால், இரண்டில் ஒன்றை மாற்றிவிட்டு மறுபடி வெயிலுக்குப் போக வேண்டும்.