தாங்குறாருன்னு அஞ்சு மார்க் போடுறதுக்கு முன்னாடி

மணலி, திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் யார்டு, குடோன்னு 14 வருஷமா ஹெச்ஆர் வேலை பாக்குறேன். மார்ச் மாசம் வந்தா அப்ரைசல் ஃபார்ம், அதாவது ஒவ்வொருத்தர் வேலைக்கும் அஞ்சுக்கு இத்தனைன்னு மார்க் போடுற ஃபார்ம், கட்டுக்கட்டா டேபிளுக்கு வந்துடும். அதுல மூணு கட்டம் எப்பவும் இருக்கும். பிரச்சனையைத் தீர்க்குறது, முன்கூட்டியே யோசிக்கிறது, அப்புறம் ரெசிலியன்ஸ், அதாவது அடி விழுந்தாலும் எழுந்து நிக்கிறது. நிறைய மேனேஜருங்க மூணுலயும் ஒரே நம்பரைப் போட்டு கையெழுத்து போட்டுடுவாங்க, ஆளைப் புடிச்சிருந்தா நாலு நாலு நாலு, புடிக்கலன்னா ரெண்டு ரெண்டு ரெண்டு. இதுக்கு ஹேலோ எஃபெக்ட்னு பேரு. ராணுவ அதிகாரிங்க தங்களுக்குக் கீழ இருக்குறவங்களுக்கு போட்ட மார்க்கைப் பாத்துட்டு எட்வர்ட் தார்ன்டைக்ங்குற உளவியலாளர் 1920லயே எழுதி வச்சுட்டாரு, ஒருத்தர் மேல நமக்கு இருக்குற மொத்த அபிப்பிராயம் எல்லா மார்க்குலயும் போய் ஒட்டிக்குதுன்னு.

ஒரு யார்டுல டாக்குமென்டேஷன் பாக்குற அக்கா ஒருத்தங்க, தண்டையார்பேட்டைல இருந்து வருவாங்க, மீட்டிங்ல வாயே திறக்க மாட்டாங்க. முன்கூட்டியே யோசிக்கிறதுல அவங்களுக்கு ரெண்டுதான் போட்டிருந்தாங்க. கூப்பிட்டு உக்கார வச்சு, "கடைசியா எப்பக்கா கன்டெய்னர் கப்பலை விட்டுடும்னு பயந்தீங்க, அன்னைக்கு காலைல இருந்து என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு பையில இருந்து ஓரம் மடங்கிப்போன ஒரு நோட்டை எடுத்தாங்க. டிரெய்லர் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு யார்டை விட்டு கிளம்புச்சு, துறைமுகத்தோட ஜீரோ கேட்டுக்குள்ள எப்ப போச்சுன்னு டிரைவருங்க கிட்ட போன்ல கேட்டுக் கேட்டு எட்டு மாசமா பென்சில்ல எழுதி வச்சிருக்காங்க, யாரும் சொல்லல, அவங்களாவே. "வியாழக்கிழமை மத்தியானம் அனுப்புனா எண்ணூர் ரோட்டுல க்யூல மாட்டிக்கும் மேடம், அதான் கன்டெய்னர் உள்ள போக கடைசி நேரம், அந்த கட்-ஆஃப், வெள்ளின்னா புதன் ராத்திரியே சீல் போட வச்சு துறைமுகத்துக்குள்ள விடுறதுக்கான ஃபார்ம் 13 எடுத்து வச்சிடுவேன்"னாங்க. அவங்க பாக்குற வண்டி லேட்டானதே இல்ல, பிரச்சனையே வராததால அவங்க பேரே மேல யாருக்கும் தெரியல. பக்கத்து சீட்டு தம்பி வாரா வாரம் கடைசி நிமிஷத்துல போனைத் தூக்கிக்கிட்டு நாலு பேர்கிட்ட கத்தி வண்டியை உள்ள அனுப்புவாரு, அவருக்கு அஞ்சு. தீயை அணைக்கிறவர்தான் கண்ணுக்குத் தெரியறாரு.

அதனால நான் குணத்தைப் பத்தி கேக்குறதே இல்ல, நடந்ததைத்தான் கேக்குறேன். இது ஜான் ஃப்ளானகன்ங்குற உளவியலாளர் 1954ல எழுதின முறைதான். முதல்ல கண்ணுல பட்டது என்ன, யார்கிட்ட கேட்டீங்க, எதை வேணாம்னு விட்டீங்க, அது திரும்ப வராம இருக்க அப்புறம் என்ன மாத்துனீங்க. "நாங்க பண்ணோம்"னு சொன்னா அதுல நீங்க பண்ணது எது. எல்லாருக்கும் இதே கேள்விதான், ரெண்டுன்னா எப்படிப்பட்ட பதில், நாலுன்னா எப்படின்னு முன்னாடியே எழுதி வச்சுடணும், பதிலைக் கேட்டுட்டு மனசுக்குள்ள முடிவு பண்ணக் கூடாது. ஆள் எடுக்குற முறைகளைப் பத்தின பழைய ஆய்வுகளை 2022ல பால் சாக்கெட்ங்குற உளவியலாளரோட டீம் திரும்பக் கணக்கு போட்டப்போ, யார் வேலையை நல்லா செய்வாங்கன்னு கணிக்கிறதுல இப்படி ஒழுங்குபடுத்தின இன்டர்வியூதான் முதல் இடத்துக்கு வந்துச்சு. இன்னொண்ணு, தயவுசெஞ்சு தமிழ்ல பேச விடுங்க. இங்கிலீஷ்ல தடுமாறுறதைப் பாத்து யோசிக்கத் தெரியாதவர்னு முடிவு பண்ணி எத்தனை நல்ல ஆளுங்களை நாம கீழயே வச்சிருக்கோம்னு நெனச்சா வயிறு எரியுது.

ரெசிலியன்ஸ் விஷயத்துல நானே ஒரு தப்பு பண்ணேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ எர்ணாவூர் பக்கம் வெள்ளத்தோட எண்ணெயும் சேந்து வீட்டுக்குள்ள வந்துச்சுல்ல, அங்க இருந்து வர்ற ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர் ஒருத்தர் மூணாவது நாளே டியூட்டிக்கு வந்துட்டாரு, கணுக்கால்ல கறுப்பு கூட போகல. மேனேஜர் அஞ்சு போட்டு "எதையும் தாங்குவார்"னு எழுதினாரு, நானும் கையெழுத்து போட்டேன். தாங்குவார்ங்குறதாலயே டபுள் ஷிப்ட் எல்லாம் அவர் தலையில விழுந்துச்சு. ஏப்ரல்ல ஒரு நாள் வரல, அப்புறம் வரவே இல்ல. போன் பண்ணா, "ரெண்டு மாசமா தூக்கமே இல்ல மேடம், மெஷின்ல உக்காந்தா கை நடுங்குது, யார்கிட்ட சொல்றது"ன்னாரு. எனக்கு இன்னும் மனசு ஆறல.

சத்தமில்லாம தாங்குறது வேற, மீண்டு வர்றது வேற. உலக சுகாதார நிறுவனம் 2019ல பர்ன்-அவுட்டை வேலையோட சம்பந்தப்பட்ட நிலைன்னுதான் சொல்லுச்சு, ஓயாத களைப்பு, வேலை மேலயே ஒரு வெறுப்பு, செய்யுறது எதுவும் உருப்படியா வரலங்குற நெனப்பு. இந்த மூணும் ஒருத்தர்கிட்ட தெரிஞ்சா அவருக்கு மார்க் குறைக்கிறதுக்கு முன்னாடி அவரோட ஷிப்ட் சார்ட்டை எடுத்துப் பாருங்க.

இப்ப எங்க ஃபார்ம்ல ரெசிலியன்ஸ் கட்டத்துக்குக் கீழ ஒரு வரி சேத்திருக்கேன், "அந்த நேரத்துல கம்பெனி இவருக்கு என்ன செஞ்சுது?" லீவா, அட்வான்ஸா, ஷிப்ட் மாத்துனோமா, எதுவா இருந்தாலும் எழுதணும். அது காலியா வந்தா ஃபார்மைத் திருப்பி அனுப்பிடுவேன். இந்த வாரம் மட்டும் 11 போயிருக்கு.