"அவங்க வழக்கமே அப்படித்தான்" என்று முடிக்காதீர்கள்

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் சமூகப் பணியாளராக வேலை பார்க்கிறேன். புதிதாக மலையேறி வரும் ஆசிரியர்களிடமும் செவிலியர்களிடமும் இங்குள்ள பணியர் என்ற பழங்குடியினரின் பிள்ளைகள் ஏன் பள்ளியை விட்டு நிற்கிறார்கள் என்று கேட்டால், "அவங்க வழக்கமே அப்படித்தாங்க" என்பார்கள். இடைநிற்றல் படிவத்திலும் 'விருப்பமின்மை' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்.

இது பண்பாட்டையும் சமூகக் கட்டமைப்பையும் போட்டுக் குழப்புவது. பேச்சு, சாமி, கல்யாணம், சாவுச் சடங்கு என்று ஒரு கூட்டம் தலைமுறையாகக் கற்று வாழ்கிற முறை பண்பாடு. நிலம் யார் கையில், கூலியை யார் முடிவு செய்கிறார் என்பது கட்டமைப்பு. வயநாட்டு வள்ளியூர்க்காவு திருவிழாவில் நிலக்காரர்கள் முன்பணம் கொடுத்து ஓராண்டு வேலைக்குக் கூட்டிப்போன சனம் பணியர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததே 1976-ல்தான். பரம்பரை நிலக்கிழார்களின் உரிமையை நீக்கும் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் 1969-லேயே வந்தும், பட்டாவுக்காக இன்னும் காத்திருப்பவர்கள் இங்கே ஏராளம். டிசம்பரில் காபி பறிப்பு தொடங்கினால், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் பிள்ளையையும் கூட்டிப் போகிறார்கள். திரும்பி வரும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும், அதுவும் வீட்டில் பணியர் மொழி பேசிவிட்டு வகுப்பில் புத்தகத் தமிழோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு. இதில் விருப்பமின்மை எங்கே இருக்கிறது?

ஒரு பிள்ளை நின்றால் அது அந்த வீட்டுச் சிக்கலாக இருக்கலாம், ஒரு காலனியே நின்றால் அது பொதுப் பிரச்சினை. அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959-ல் அழுத்திச் சொன்ன வேறுபாடு இது.

அடுத்த தவறு இனமையவாதம், அதாவது நம் வாழ்க்கையையே அளவுகோலாக வைத்து மற்றவரை எடைபோடுவது. 1906-லேயே இன்னொரு அமெரிக்கச் சமூகவியலாளர் சம்னர் இதை விளக்கிவிட்டார். கோத்தர் பானையும் இரும்புக் கருவியும், தோடர் நெய்யும், படுகர் தானியமும் கொடுத்து வாங்கி, காசில்லாமலே ஒருவரை ஒருவர் தாங்கிய மலை இது. இந்த மலை மக்களைப் 'பின்தங்கியவர்கள்' என்று ஒரே சொல்லில் அடைப்பது அநியாயம். சரி, அதற்காகக் குழந்தைத் திருமணத்துக்கும் தலையாட்ட வேண்டுமா? வேண்டாம். காரணம் புரிந்தால்தான் தடுக்கவே முடியும்.

படிவம் நிரப்பும் முன் சாயங்காலம், வேலை முடிந்து ஆட்கள் திரும்பும் நேரத்தில் காலனிக்குப் போங்கள். முன்பணம் வாங்கியிருக்கிறார்களா, சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம், பள்ளி மேலாண்மைக் குழுவில் அங்கிருந்து ஒரு தாயாவது உறுப்பினராக இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த கூட்டத்திலேயே அதைக் கேளுங்கள்.