தெரிவு: 'சொய்ஸ்' என்பதற்கு நம்மிடம் உள்ள சொல்

"மொழிப் பாடத்தில பிள்ளையளுக்கு வொய்ஸும் சொய்ஸும் குடுக்கவேணும்" என்ற பேச்சு யாழ்ப்பாணத்து ஆசிரியர்களிடையே இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. நல்ல பேச்சுத்தான். எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது என்பதில் பிள்ளை தன் கருத்தைச் சொல்வது வொய்ஸ். அதில் சிலவற்றைத் தானே தீர்மானிப்பது சொய்ஸ்.

வொய்ஸ், இலத்தீனின் 'வொக்ஸ்' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். தமிழில் குரல் என்றே சொல்லலாம். ஆனால் வெறும் சத்தம் இங்கே குரல் ஆகாது. ஐ.நா. 1989இல் ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, பிள்ளை கருத்துச் சொல்லலாம் என்பதோடு நிற்கவில்லை. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதை மதிக்கவும் சொல்கிறது. நாமோ 'கதைச்ச ஆக்கள்' என்று மொனிட்டரைக் கொண்டு கரும்பலகையில் பெயர் எழுதுவிக்கிறோம், கதைத்துப் பழகவேண்டிய மொழிப் பாடத்திலும்கூட.

சொய்ஸும் பிரெஞ்சு வழி வந்ததுதான். வேர் மட்டும் ஜெர்மானியம். சிலர் இதை விருப்பம் என்கிறார்கள். விருப்பம் மனதோடு நின்றுவிடலாம். தேர்வு என்றால் தமிழ்நாட்டில் பரீட்சை. நமக்குத் தெரிவு இருக்கிறது: பாராளுமன்றத் தெரிவுக்குழு, 'சரியான விடையைத் தெரிவு செய்க'. தெரிதல் என்றால் அறிதல். ஆராய்ந்து எடுத்தலும் அதுவே. திருக்குறளின் 'தெரிந்துதெளிதல்' அதிகாரம் ஒருவரை ஆராய்ந்து தேர்ந்து நம்புவது பற்றியது. இந்த இரட்டைப் பொருளுக்காகவே எனக்கு இந்தச் சொல் பிடிக்கும். அறியாத ஒன்றை எந்தப் பிள்ளை தெரிவு செய்யும்? "விரும்பினதை எழுதுங்கோ" என்று விட்டால் 'எனது பாடசாலை'தான் திரும்பவும் வரும்.

தைப்பொங்கலுக்கு முன் ஆங்கில வகுப்பில் மூன்று தலைப்புகளைக் கொடுத்து, எழுதமுதல் அவற்றைப் பற்றிக் கொஞ்சநேரம் கதைக்கவிட்டேன். வாயே திறக்காத ஒரு பொடியன் பட்டத்தைத் தெரிவு செய்தான். பட்டத்தில் கட்டும் மூன்று நூலான முச்சைக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. எழும்பிப்போய்ப் பலகையில் மூன்று நூலை வரைந்து, ஒன்றைத் தொட்டு, "திஸ் ஷோர்ட், கைட் ஃபோல்" என்றான்.

"நோ, திஸ் லோங்!" என்று பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பினாள்.